பூரியின் சம்மதம்

நாயின் சம்மதம் இல்லாமல் அதன் சிறுநீரைப் பரிசோதிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, தூத்துக்குடி கால்நடை மருத்துவமனையில் சின்ன பாட்டிலோடு, நாய்க்காகப் பேசும் கழுத்துப்பட்டை ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள்.

காலையிலிருந்து செல்வின், கம்பில் கட்டிய குழம்புக் கரண்டியோடு தன் நாய் பூரியின் பின்னால் குனிந்தே நடந்தார். அது ஒவ்வொரு மின்கம்பத்திலும் காலைத் தூக்கும். கரண்டி அருகே வந்ததும் இறக்கிவிடும். கடைசியில் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

"உனக்குக் கிட்னியில கோளாறோன்னு டாக்டர் பயப்படுதாரு. ஒரு சொட்டு குடு பூரி," என்று கெஞ்சினார்.

கழுத்துப்பட்டை பேசியது. "தாரேன் அண்ணாச்சி. முதல்ல நீங்க குடுங்க."

"நான் எதுக்கு?"

"உங்களுக்கு ஆறு மாசமா சுகர். பாத்ரூம் வாசல்லயே படுத்துக் கெடக்கேன், எனக்கு வாசனை தெரியாதா? இந்தத் தெரு நாய் எல்லாத்துக்கும் தெரியும்."

கரண்டியைத் திரும்ப வாங்க வந்து நின்ற மனைவி ஜெசிந்தாவின் முகம் மாறியது. "டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே?"

செல்வின் கரண்டியைக் கம்பிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார். அவருடைய அப்பா சர்க்கரை நோயில் காலை இழந்தவர். அந்தப் பயத்தில் செல்வின் எந்த லேபுக்கும் போனதில்லை.

ஜெசிந்தா இன்னொரு பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

பாத்ரூமுக்குள் போய்ப் பத்து நிமிடமாகியும் ஒன்றும் வரவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து பூரியின் குரல் கேட்டது.

"மெதுவா வரட்டும் அண்ணாச்சி. நான் கரண்டியோட வந்து நிக்க மாட்டேன்."