நெற்றிப் பதிவு

முகாமின் நிவாரண இயந்திரம் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் வழங்கும். சுகிர்தாவின் நெற்றியில் குங்குமத்தைக் கண்டதும், “கணவர் நேரில் வரவும்” என்று மூன்றாவது நாளாகப் பால்மாவை மறுத்தது. போரில் பிரிந்த கணவன் நேசனிடமிருந்து ஒரு மாதமாகத் தகவலே இல்லை. இடுப்பிலிருந்த குழந்தை பசியில் வீரிட்டது.

“பொட்டை அழிச்சுப்போட்டு நில்லு பிள்ளை. புருசன் இல்லாதவளெண்டால் உடன தரும்,” என்றாள் பின்னால் நின்றவள்.

சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள் சுகிர்தா. பால்மா டின் வந்து விழுந்தது.

மாலையில் போன் அடித்தது. நேசனேதான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

“சுகி, முகாம் வாசலுக்கு வந்திட்டன். ஆனால் கேற் திறக்குதில்லை. நான் செத்திட்டனெண்டு இண்டைக்குக் காலமைதான் ஆரோ பதிஞ்சிருக்கினமாம். ஆரடி அது?”