பல் தடம்

“குற்றவாளி இந்த அறைக்குள்ளதான் இருக்காங்க. உண்மை வெளியில வர்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது!” என்று மேஜையைத் தட்டினார் ஜூரித் தலைவர் பர்ட்டன்.

நகரவும் முடியாது. ஒஹையோவில் எங்கள் ஊர்க் கோர்ட்டில் ஜூரி அறை வாசலில் காவலர் உட்கார்ந்திருப்பார். கதவு அவர் கையில்; உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட ஒரு மணி.

குற்றம் இதுதான்: பர்ட்டன் ஆசையாகக் கையில் எடுத்த ஜாம் டோனட்டை யாரோ முன்பே கடித்திருந்தார்கள்.

அவர்கள் கூடியிருந்தது டோனட்டுக்காக அல்ல. கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக டேரியஸ் என்ற இளைஞன் மீது வழக்கு. ஜூரிகளாக உட்கார்ந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் ‘குற்றவாளி’ என்று கையெழுத்துப் போட்டால் அவன் ஆயுள் முழுக்க உள்ளே.

சாட்சி என்று ஒரு மனிதர் இல்லை. செத்தவர் உடம்பில் எடுத்த குண்டின் கீறல்கள் டேரியஸின் துப்பாக்கியோடு பொருந்துவதாக ஒரு நிபுணர் சொன்னதுதான். பதினொரு பேர் மூன்று நாளாகத் தயார். தபாலாபீசில் ஓய்வு பெற்ற டெல்பின் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

“நிபுணர் அவனோட துப்பாக்கியை மட்டும்தானே பார்த்தாரு? அதே மெஷின்ல செஞ்சது இன்னும் எத்தனையோ இருக்கும். அதுல ஒண்ணையாவது பார்த்தாரா?” என்று காலையிலும் கேட்டாள்.

“ஏம்மா, நீங்க ஸ்டாம்ப் வித்தவங்க. அவரு இருபது வருஷமா மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சவரு. உங்களுக்குப் புரியலைன்னா அது சந்தேகம் ஆகிடுமா?” என்றார் பர்ட்டன்.

அப்போதுதான் காவலர் கிளைட் டோனட் பெட்டியோடு வந்தார். “சண்டையை நிறுத்திட்டுச் சாப்பிடுங்க. உள்ள ஜாம் இன்னும் சூடா இருக்கு” என்று வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் காப்பி ஊற்றிக்கொண்டு திரும்பியபோது இந்த அக்கிரமம்.

பர்ட்டன் இன்ஷூரன்ஸ் விற்பவர். மூன்று நாளில் தடயவியல் மேதையாகியிருந்தார். டோனட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து. இதோ, ஒரு மேடு விழுந்திருக்கு பாருங்க!”

எல்லோரும் ஒரே நேரத்தில் வெர்னாவின் வாயைப் பார்த்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா வாயை மூடிக்கொண்டாள். மூடியதே போதுமானதாக இருந்தது.

“எனக்குச் சர்க்கரை. தினம் ஊசி போட்டுக்கறேன். நான் எதுக்கு ஜாமைத் தொடப் போறேன்?”

“சர்க்கரைக்காரங்கதான் திருட்டுத்தனமா தின்பாங்க” என்றார் ஒருவர். சிரிப்பு.

வெர்னாவின் சாண்ட்விச்சை எடுத்து அவளையே கடிக்க வைத்தார்கள். பர்ட்டன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிபுணர் இரண்டு குண்டுகளின் படத்தைக் காட்டிய அதே தோரணை.

“அச்சு அசல்! சந்தேகப்படறவங்க யாராவது உண்டா?”

“வேற யார் பல்லையும் பார்க்கலையே?” என்றாள் டெல்பின்.

“எதுக்கு? அதான் பொருந்திடுச்சே!”

பத்து ஜோடிக் கண்கள் வெர்னாவைக் குத்தின. வெர்னாவின் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

“சரிங்க, நான்தான் தின்னேன். போதுமா? என்னை விட்ருங்க.”

பர்ட்டன் டெல்பினைப் பார்த்துக் கைகளை விரித்தார். “பார்த்தீங்களா? தடம் பொய் சொல்லாதும்மா. அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க.”

வெர்னா தின்றிருக்க மாட்டாள் என்று டெல்பின் உறுதியாக நம்பியிருந்தாள். அதுவே தப்பென்றால், டேரியஸ் விஷயத்திலும் தான்தான் முட்டாளோ?

தயங்கித் தயங்கிப் பேனாவை எடுத்தாள். பதினொரு கையெழுத்துகளுக்குக் கீழே முதல் எழுத்தைப் போட்டாள். அது முடியக்கூடப் பொறுக்காமல் பர்ட்டன் மணியை அடித்துவிட்டார். சாயங்காலம் அவருக்கு ஃபுட்பால் ஆட்டம் இருந்தது.

தீர்ப்பை வாங்க உள்ளே வந்த கிளைட், மேஜை நடுவில் மரியாதையாக வீற்றிருந்த டோனட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, முன்பல் சந்து தெரிய அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

“மன்னிச்சுக்கோங்க, வர்ற வழியில நான்தான் ஒரு கடி கடிச்சேன்.”