கால் திருப்பம்

குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை கண்ணாடி இழை இழுத்து, அதன் வழியே வெளிச்சத்தையும் அனுப்பிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு பள்ளம் தோண்டவில்லை. என் ரோட்டை வெட்டக் கூடாது என்று ஒரு பஞ்சாயத்துத் தலைவரும் வந்து குறுக்கே நிற்கவில்லை. நர்மதையை நாற்காலியில் சம்மணமிட்டபடியே தாண்டினேன்.

"கதை அளக்காத," என்றார் அவர்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். கூட்டுறவுத் தணிக்கையில் தலை நரைத்தவர். முதல் கூட்டலிலேயே ஒத்துப்போகும் கணக்கை நம்பியதே இல்லை. எங்கள் முகூர்த்த நேரத்தையே இரண்டு பஞ்சாங்கத்தில் சரிபார்த்தவர்.

அளக்கவில்லை. இழை, லேசர், வழிநெடுக வெளிச்சத்தைத் தூக்கிவிடும் பெருக்கிகள், அவை கிளப்பும் இரைச்சல், எல்லாம் மடிக்கணினிக்குள் இருந்தன. நிஜத்தில் எப்படி நடக்குமோ அப்படியே கணக்கில் நடத்திப் பார்ப்பது.

நான் தொலைபேசித் துறையை விட்டு வரும்வரை வெளிச்சம் எரியும், அணையும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அலையையே கால் திருப்பம், அரைத் திருப்பம் என்று திருப்பிச் சேதி ஏற்றும் கருவிகள் நான் வெளியே வந்த பிறகுதான் எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்தன.

பாயசம் வருவதற்குள் பந்தியிலிருந்து எழுந்து வந்தவள் நான்.

எனவே பந்தயம்.

அவர் தட்டும் சேதி மறுமுனையில் வராவிட்டால் மடிக்கணினி கோயமுத்தூர் மகளுக்குப் பார்சல். மேசையில் மறுபடி சோறு. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்து ஒரு யுகம் ஆகிறது.

வந்துவிட்டால், வந்துட்டு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய பரிசு பாளையங்கோட்டையில் கிடையாது.

நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். எழுத்துக்குப் பதில் நட்சத்திரங்கள் விழும்படி முன்பே செய்து வைத்திருந்தேன். அவர் ஒற்றை விரலால் தட்டினார். முடிப்பதற்குள் இமயமலை ஓர் அங்குலம் வளர்ந்திருக்கும்.

ஓடவிட்டேன்.

நாலு புள்ளி.

ஊசியால் குத்தியதுபோல், திருப்பத்துக்கு ஒன்றாக நாலே நாலு புள்ளி.

நான் போட்ட கூச்சல் சங்கரன்கோவில் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் குனிந்து பார்த்தார்.

"அம்புட்டுத் தூரம் இரைச்சல்ல இடிபட்டு வந்தது, ஒரு கசங்கல் இல்லாம நிக்குதாக்கும்? இவ்வளவு சுத்தமா இருந்தா எங்கயோ திருட்டு இருக்கு, ஆவுடை."

எழுதிய வரிகளை மேலிருந்து மறுபடி பார்த்தேன்.

அனுப்பும் முனையில் ஒரு லேசர், வாங்கும் முனையில் ஒரு லேசர். இரண்டும் அதனதன் போக்கில் தள்ளாட வேண்டும். நானோ ஒன்றுக்கு எழுதிய வரியை அப்படியே நகலெடுத்து மற்றதற்கும் ஒட்டியிருந்தேன். தள்ளாட்டத்தைத் தொடங்கி வைக்கும் எண்ணைக்கூட மாற்றவில்லை. கன்னியாகுமரியில் இது இடப்பக்கம் சாய்ந்தால் காஷ்மீரில் அதுவும் இடப்பக்கம் சாய்ந்தது. ஒன்றை மற்றது கழித்துவிட்டது. பெருக்கிகளின் இரைச்சலையும் சோதனைக்காக அணைத்து வைத்தவள் மறுபடி போடவே இல்லை.

திருட்டுத்தான்.

எண்ணை மாற்றினேன். இரைச்சலையும் போட்டேன். ஓடவிட்டேன்.

நாலு புள்ளியும் கரைந்து ஒரே வளையம்.

"வளையல் வந்திருக்கு. கையில போட்டுப் பாரு."

சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி தேடப் போனார். நல்ல பெட்டியாகத் தேடுகிற சத்தம் கேட்டது.

வளையத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒவ்வொரு புள்ளியின் கோணத்தையும் நாலு மடங்காக்கினால் நாலு திசையும் ஒரே திசையாகிவிடும். சேதி மறைந்து தள்ளாட்டம் மட்டும் மிஞ்சும். அதை நாலால் வகுத்துக் கழித்துவிட வேண்டியதுதான். இதைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் அல்வாவிலேயே சிலை வைத்துவிடுவேன்.

கழித்தேன்.

வளையம் உடைந்தது. நாலு பொதி. பஞ்சுபஞ்சாக, ஓரமெல்லாம் பிய்ந்து, அழுக்காக.

எவ்வளவு அழகு!

சேதியைப் படிக்க மடிக்கணினியிடம் சொன்னேன். கட்டங்களும் கேள்விக்குறிகளும் கொட்டின.

அவர் பெட்டியோடு திரும்பி வந்திருந்தார்.

"இது எந்த ஊர் பாஷை?"

திரையை மறுபடி பார்த்தேன். நாலு பொதியும் இருக்கின்றன. பிறகு ஏன்?

கேரம் பலகை ஞாபகம் வந்தது. யாராவது அதைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? நாலு மூலையும் ஒன்றுபோலத்தானே இருக்கும். எது முதல் மூலை என்று என் கணக்குக்கும் தெரியவில்லை.

படத்தைக் கால் திருப்பம் திருப்பினேன்.

கட்டங்கள்.

இன்னொரு கால்.

கேள்விக்குறிகள்.

அவர் பெட்டியின் வாயைப் பிரித்தார்.

மூன்றாவது கால்.

தமிழ்.

'என்ன குட்டிக்□ரணம் போட்டாலும் இது வராது ஆவுடை'

ஓர் எழுத்தை எந்த ஊர்ப் பெருக்கியின் இரைச்சலோ தின்றிருந்தது.

நான் கூச்சல் போடவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு, தாம் எழுதியதை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

விரல் அந்த ஓட்டைக் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அந்தக் கசங்கலைத் தடவிப் பார்த்தார்.

பெட்டியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டு," என்றார்.