ஆலை போர்த்திய பொன்னாடை

தேர்தலில் கம்பெனிப் பணத்துக்கு வரம்பு கட்டும் மசோதாவை மறுநாள் சட்டமன்றத்தில் கொண்டுவர இருந்தார் எம்.எல்.ஏ. இன்பவல்லி. அவர் அறைக்கு வாழ்த்த வந்தவர்களின் வரிசையில் சிமெண்டு ஆலை மேலாளரும் வந்து பொன்னாடை போர்த்தினார். அடுத்தவருக்கு இடம்விட, வழக்கம்போல் உதவியாளர் சவரிமுத்து பின்னாலிருந்து அதை உருவினார். வரவில்லை. மறுபடி இழுத்தபோது கழுத்துத் தோலும் கூடவே இழுபட்டது.

"இருக்கட்டுமே மேடம்" என்று கும்பிட்டுவிட்டு மேலாளர் போய்விட்டார்.

"கத்திரிக்கோல் எடுங்கண்ணே."

கத்தரி பட்டதும் துணியில் ரத்தம் கசிந்தது.

"மசோதாவ நான் விடமாட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தார். ஜரிகை தொண்டையை நெரித்தது.

சவரிமுத்து கதவைச் சாத்திவிட்டு, தன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். உள்ளே அதே ஜரிகை, மங்கிப்போய், சதையோடு ஒட்டிக் கிடந்தது.

"பேசாம இருந்தா இறுக்காதுங்கம்மா" என்றார்.