நூற்றுப் பன்னிரண்டு தெளிப்பான்கள்

“நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க மேடம். ஒண்ணு குறைஞ்சாலும் என் மீசைய எடுத்துடறேன்!”

மெத்தைக் கிடங்கின் முதலாளி அண்ணாந்து கையை நீட்டினார். கூரைக்குக் கீழே சிவப்புக் குழாய்கள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடின. அவற்றில் வரிசை வரிசையாகத் தண்ணீர்த் தெளிப்பான்கள் தலைகீழாகத் தொங்கின.

தீயணைப்பு அதிகாரி நிஜமாகவே எண்ணத் தொடங்கினார். அந்த அம்மாள் அப்படித்தான். அவசர வழியில் நாலு பெட்டி அடுக்கியிருந்த குற்றத்துக்காகப் பக்கத்துக் கிடங்கை அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டுப் போனவர். இவருக்கு மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தார். பழைய கட்டடம் என்ற சமாதானம் எல்லாம் அவரிடம் எடுபடவில்லை. கூரையில் புகை வெளியேறக் கதவுகள், அதற்குக் கீழே தெளிப்பான்கள், இரண்டும் வேண்டும். இல்லையென்றால் பூட்டு.

அன்றிலிருந்து முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது மைத்துனன்தான். “கவலைய விடுங்க அத்தான், குழாய் வேலைதானே? நான் பாத்துக்கறேன்” என்று பொறுப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டான். இன்று புதுச் சட்டையும் கையில் ஸ்பேனருமாக இருவருக்கும் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான்.

“நூத்திப் பன்னிரண்டு” என்றார் அதிகாரி.

“நான்தான் சொன்னேனே மேடம்!” முதலாளி கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

அதிகாரி மைத்துனன் பக்கம் திரும்பினார். “இது எப்படி வேலை செய்யும்? சொல்லுங்க.”

மைத்துனன் பரீட்சைக்குப் படித்தவன்போல ஒப்பித்தான். “உள்ள ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கு மேடம். அறுபத்தெட்டு டிகிரி சூடு ஏறினா உடைஞ்சிடும். எங்க உடையுதோ அங்க மட்டும் தண்ணி கொட்டும்.”

“புகைக் கதவு?”

“மொத்தம் பதினாறு. சூடு பட்டா தானா திறந்துக்கும். புகை மேல போயிட்டா, ஆளுங்க மூச்சு முட்டாம வெளிய ஓடிடலாம்.”

“நல்லது. கூரை மேல ஏறிப் பாத்துடலாமா?”

மைத்துனன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவப் பார்த்தது. முதலாளி குறுக்கே பாய்ந்தார். “ஐயோ, வேணாம் மேடம்! இந்த வெயில்ல தகரம் அடுப்பா காயுது. நேத்து இவன் ஏறிட்டு, இன்னிக்கு வரைக்கும் நொண்டறான்.”

மைத்துனன் உடனே ஒரு காலை நொண்டிக் காட்டினான். எந்தக் கால் என்பதில் மட்டும் அவனுக்கே கொஞ்சம் குழப்பம் இருந்தது.

அதிகாரி ஏணியைப் பார்த்தார். தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். “சரி, விடுங்க. தண்ணி வருதான்னு காட்டுங்க.”

மூலையிலிருந்த சோதனைக் குழாயின் சக்கரத்தை மைத்துனன் திருகினான். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் தண்ணீர் பீய்ச்சி அடித்து, அதிகாரியின் காலணிகளை நனைத்தது.

“போதும், போதும்!” அதிகாரி சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். அவர் சிரித்து அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. “எத்தனை பேர் வேலை செய்யறாங்க இங்க?”

“முப்பத்தெட்டு பேர் மேடம்.”

“உங்க வீடு?”

“இந்தப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான். குடும்பமே அங்கதான்.”

“அதான் இவ்வளவு அக்கறையா செஞ்சிருக்கீங்க. ஒருத்தராவது பேச்சைக் கேட்டீங்களே!”

சான்றிதழில் கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது. முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“எப்ப என்ன உதவின்னாலும் தயங்காம கேளுங்க மேடம்.”

“கேக்கலாம்னுதான் இருந்தேன்” என்றார் அதிகாரி. “இந்தத் தெருவுல இருபத்தஞ்சு குடோன் இருக்கு. முறையா தெளிப்பான் வச்சது நீங்க ஒருத்தர்தான். நாங்க பறிமுதல் பண்ணின சரக்கு ரெண்டு மாசமா ஆபீஸ் வாசல்லயே கிடக்குது. தெளிப்பான் இருக்கற இடத்துலதான் வைக்கணும்னு கோர்ட் உத்தரவு. அந்தப் பாதி இடம் காலியாத்தானே இருக்கு?”

“தாராளமா வைங்க மேடம்! என்ன சரக்கு?”

“சிகரெட் லைட்டர். நாலு லாரி. எல்லாம் போலி, காஸ் கசியற ரகம். பெட்டிய கொஞ்சம் வேகமா வச்சாலே பத்திக்குது.”

முதலாளியின் முகம் வெளுத்தது. “மேடம்… இங்க பூரா மெத்தை… பஞ்சு…”

“அதுக்குத்தான் தெளிப்பான் இருக்கே!” அதிகாரி அவர் தோளில் தட்டினார். “வழக்கு அஞ்சாறு வருஷம் ஓடும். அதுவரைக்கும் உங்க பொறுப்பு. வண்டிய வாசலுக்கே வரச் சொல்லிட்டேன்.”

வெளியே நான்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன.

“அத்தான், இப்ப என்ன செய்யறது?” மைத்துனன் காதருகே கிசுகிசுத்தான்.

முதலாளி மறுபடி அண்ணாந்து பார்த்தார். கூரைத் தகரத்தை வெட்டாமலே அடியில் திருகி வைத்த பதினாறு கதவுகளும், எந்தத் தொட்டியோடும் சேராத குழாய்களில் தொங்கிய நூற்றுப் பன்னிரண்டு தெளிப்பான்களும் பளபளத்தன. தண்ணீர் வந்ததெல்லாம், கழிவறைத் தொட்டியிலிருந்து இழுத்துவிட்ட அந்த ஒரே ஒரு சோதனைக் குழாயில்தான்.