ஓரத்துக் கறுப்பு

“ரான்னா பச்சைன்னு அர்த்தம் தம்பி. எனக்கு அந்த வேகாத படம்தான் வேணும். நானே வேக வெச்சுக்கறேன்.”

கான்வென்ட் இங்கிலீஷை இந்துமதி இப்படிச் சோறாக்கிப் பரிமாறியதும், போட்டோகிராபர் அருள்செல்வன் தலையைச் சொறிந்தான்.

“பாப்பா கல்யாண ஆல்பம்தான் குடுத்தாச்சேக்கா. ரா ஃபைலு எதுக்குக் கேக்கீங்க?”

“எதுக்கா? தாலி கட்டுற படத்தப் பாருங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சுனு இருக்காங்க. இடது ஓரம் மட்டும் அடுப்புச் சட்டியாட்டம் கன்னங்கரேல்னு. சம்பந்தி ஊட்டுல கேட்டா என்னன்னு சொல்றது? கரண்ட் பில் மிச்சம் புடிச்சோம்னா?”

“லைட்டு பத்தலக்கா.”

“லைட்டு பத்தலையா, உங்களுக்கு வேலை பத்தலையா? அடுத்த மாசம் எங்கண்ணன் ஊட்டுக் கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன். தெரியுமில்ல?”

“தெரியும்க்கா. அந்த ஆர்டர் போனாப் போவுது. இந்த ஒரு படத்த மட்டும் நோண்டாதீங்க. சொல்லுதேன்ல?”

தப்புச் செய்தவன்தான் நோண்டாதே என்பான். இந்துமதி விடவில்லை. மறுநாள் பென் டிரைவ் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அனுப்பர்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஹரிணி வந்திருந்தாள். டைனிங் டேபிளில் லேப்டாப். எடிட்டிங் சாஃப்ட்வேரை மகள்தான் போட்டுக் கொடுத்தாள்.

முதல் படம் திறந்ததும் இந்துமதிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாயம் ஏறாத கிரே துணி மாதிரி எல்லா முகமும் வெளிறிக் கிடந்தது.

“ரா இப்படித்தாம்மா இருக்கும். இனிமேதான் நாம கலர் ஏத்தணும்.”

இந்துமதி ஏற்றினாள். மாப்பிள்ளை சாயப்பட்டறைத் தொட்டியில் முங்கி எழுந்தவர் போலப் பச்சைப் பசேல் என்று நின்றார்.

“ஐயோ, அவரை விட்டுரும்மா!”

“பதறாத கண்ணு. பழையபடி ஆக்கிக்கலாமில்ல?”

“ஆக்கிக்கலாம். நாம என்ன பண்ணாலும் அசல் உள்ள அப்படியே இருக்கும்.”

அடுத்து, தாலி கட்டும் படம். ஆல்பத்தில் கரி பூசிய அந்த ஓரம் இதில் மங்கலாக இருந்தது.

“அத்தை ஒரு படத்துலகூட இல்லையேம்மா.”

“உங்கத்தைதான் மேடைப்பக்கமே வரலையே! தம்பி புள்ளைக்கு இத்தனை பெரிய இடம் அமைஞ்சா வயிறு எரியாதா? பின்னாடியே நின்னுக்கிட்டா.”

அத்தை என்பது இந்துமதி ‘நங்கையா’ என்று கூப்பிடும் நாத்தனார் பழனாயி. அந்தப் பெரிய இடத்துச் சம்பந்தியின் பனியன் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டுகிறவள்.

“ஷேடோஸ்னு இருக்கு பாரும்மா. அதை வலப்பக்கம் இழு. இருட்டுல இருக்கறது வெளிய வரும்.”

இழுத்தாள்.

முதலில் ஒரு சேலைக் கரை வந்தது. பிறகு, அட்சதையோடு மேடையை நோக்கி உயர்ந்த ஒரு கை. பிறகு பழனாயியின் முகம். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நின்றுபோன முகம்.

அவள் முழங்கையை இன்னொரு கை பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையின் நெளிவளையல்தான் இப்போது மவுஸின் மேல் குலுங்கியது.

‘பின்னால போங்க நங்கையா, சம்பந்தி பாத்தா என்ன நெனப்பாங்க?’ நாதஸ்வரச் சத்தத்தில் யார் காதிலும் விழாது என்றுதான் அன்றைக்குச் சொன்னாள். படத்தில் தன் முகமும் தெரிந்தது. அப்போது பல் இப்படியா கடிபட்டிருந்தது?

இந்துமதி ஸ்லைடரை அவசரமாக இடப்பக்கம் தள்ளினாள். ஓரம் இருண்டது. மகளின் கண் மட்டும் அங்கிருந்து நகரவில்லை.

“அருள்செல்வன் அண்ணனுக்குப் போன் போடும்மா” என்றாள். ஸ்பீக்கரையும் அவளே அழுத்தினாள்.

“ஏந்தம்பி... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“பாத்துட்டீங்களாக்கா?”

“அண்ணன்கிட்ட நான் பேசறேன் தம்பி. நீங்களே வந்து எடுங்க.”

“அவங்க வேற ஆளு பேசி முடிச்சாச்சுக்கா. அத விடுங்க. பழனாயிம்மா எங்க லைன் வீட்டுல பக்கத்து வீடு. அவங்க இருக்க ஒரே படமாச்சேன்னு ஆசையாக் காட்டுனேன். பாத்துட்டு, அவங்கதான் அந்த ஓரத்தக் கறுப்படிக்கச் சொன்னாங்க.”

“அவமானமா இருந்திருக்கும் அவங்களுக்கு...” என்றாள் இந்துமதி.

“தன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா. ‘எங்க இந்து மொகம் இதுல நல்லால்லீங்க தம்பி, புள்ளை பாத்துரப் போகுது’ன்னாங்க.”