கிணற்றடி வில்லன்

வாசலில் வந்து நின்ற தனுஷ்கோடியின் கையில் அரிவாள் இருந்தது. எந்நாளும் தொங்கிக் கிடக்கும் மீசை இன்று முறுக்கேறி மேலே நின்றது. தங்கச்சி முத்துத்தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏ முத்துத்தாயி! எங்க உம் மக? வெளிய வரச் சொல்லு!"

"அண்ணே, மொதல்ல அதக் கீழ வைங்க. எதுன்னாலும் பேசிக்கிடலாம்."

மகள் ஜோதிகா உருவாக்கி, போன பொங்கலுக்கு வெளிவந்த 'வறக்காடு' கேமை எந்தெந்த நாட்டிலோ ஆடுகிறார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கேமை ஆடுபவர் கருவேலங்காட்டைக் கடந்து போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வரவேண்டும். கிணற்றடியில் நிற்கும் முறுக்குமீசை வில்லனைச் சாய்த்தால்தான் தண்ணீர்.

அந்த வில்லனுக்கு ஜோதிகா வைத்தது தன் தாய்மாமன் மூஞ்சியை. அவள் அப்பா செத்த வருசம், கூட்டுக் கிணற்று மோட்டார் ரூமைப் பூட்டி, தங்கச்சியின் பருத்தியைக் கருகவிட்டவர் தனுஷ்கோடி.

"ஒரு வாரமா ஊருக்குள்ள தல காட்ட முடியல. டீக்கடையில மொளச்சு மூணு எல விடாத பயலுகெல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க!"

ஜோதிகா நிலைப்படியில் வந்து நின்றாள். "சிரிக்கட்டும். எங்கம்மா கருகுன செடியப் பிடிச்சுக்கிட்டு அழுதப்ப நீங்க சிரிக்கலையா?"

"வாய மூடுடி! நாலு பேரு கை தட்டிட்டா பெரிய இவளா நீ?"

"நாலு பேரு இல்ல மாமா. நாலு தேசம்."

முத்துத்தாய் குறுக்கே புகுந்தாள். "அடியே, அவுககிட்ட மன்னிப்புக் கேளுடி!"

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? கேட்டுக்க முத்துத்தாயி. இவ பண்ணுனத இவளே சரி பண்ணணும். இல்ல, நாளைக்கு நீ செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடி வராது!"

முத்துத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் போடும் கோடிச் சேலை இல்லாமல் அநாதைப் பிணமாகவா பாடையேறுவது?

"தாயி, ஒன்னையக் கும்பிட்டுக் கேக்கேன். அண்ணன் மூஞ்சிய அதுலருந்து எடுத்துருடி."

ஜோதிகா மாமனை முறைத்தபடியே சொன்னாள். "இவுகளுக்காக இல்லம்மா, அண்ணன நெனச்சு நீ படுற பாட்டுக்காகப் போன வாரமே எடுத்துட்டேன். இப்பக் கெணத்தடியில நிக்கிறது வேற மூஞ்சி. போதுமா மாமா?"

முத்துத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டீகளாண்ணே? அதான் எடுத்துட்டாள்ல!"

தனுஷ்கோடிக்குக் கண்கள் சிவந்தன. தொண்டை கிழியக் கத்தினார்.

"தாய்மாமன் நான் உசுரோட இருக்கயில, எம் எடத்துல எவனடி நிப்பாட்டுன?"